மாத்தளையில் ஒரு கிராம்

சீனாவின் செஜியாங் மாகாணத்துத் தொழிற்சாலை ஒன்றில் 100 கிராம் படிக்கல்லை வைத்து, 100.00 என்று காட்டும்படி சரிசெய்து, பெட்டியில் அடைத்த ஒரு சின்ன டிஜிட்டல் தராசை எடுத்துக்கொள்வோம். அதை மாத்தளையில் பிரித்து அதே கல்லை அதே தட்டில் வைத்தால் 99.87 அளவில்தான் காட்டும். தராசு பழுதாகவில்லை, கல் தேயவும் இல்லை. அந்தக் கல்லைப் பூமி இழுக்கும் விசைதான் குறைந்துவிட்டது.

வீட்டுக்கென்று நுண்ணிய தராசு வாங்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கடைக்குப் போனால் எல்லோரும் விசாரிப்பது புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்றுதான். அதற்கு முன் விசாரிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தத் தராசை என் வீட்டு மேசையிலேயே நான் அளவுதிருத்தம் செய்ய முடியுமா, அதற்கான படிக்கல் கூடவே வருகிறதா? இந்த இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைக்காவிட்டால், இரண்டாம் தசமதானம் வெறும் அலங்காரம்.

பூமி சரியான உருண்டை இல்லை. துருவங்களில் சற்றே தட்டையாகி, பூமத்திய ரேகைப் பக்கம் புடைத்திருக்கிறது. ஆரையில் வித்தியாசம் 21 கிலோமீற்றர். அதோடு பூமி சுழலும் வேகமும் பூமத்திய ரேகையில்தான் அதிகம். இரண்டும் சேர்ந்து, துருவத்தில் செக்கனுக்குச் செக்கன் 9.832 மீற்றராக இருக்கும் ஈர்ப்பு ஆர்முடுகலைப் பூமத்திய ரேகையில் 9.780 ஆக்கிவிடுகின்றன. செஜியாங் வடக்கு அகலக்கோடு 29 பாகையை ஒட்டியது. மாத்தளை நகரம் ஏழரைப் பாகையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே இழுப்பில் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 800 இல் ஒரு பங்கு. 1870 இல் சார்டோரியஸ் தராசு நிறுவனம் தொடங்கப்பட்ட ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் சரிசெய்த தராசாக இருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது: 100 கிராமுக்கு 0.3 கிராமைத் தாண்டும்.

இதை முதலில் கண்டுபிடித்தது தராசு இல்லை, கடிகாரம். 1672 இல் பிரெஞ்சு வானியலாளர் ஜோன் ரிஷே, தென்னமெரிக்காவில் பூமத்திய ரேகைக்கு அருகே உள்ள கயேன் தீவுக்கு ஒரு ஊசல் கடிகாரத்தைக் கொண்டுபோனார். பாரிஸில் துல்லியமாக ஓடிய கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைக் குறைத்த பிறகுதான் நேரம் சரிவந்தது. வெப்பத்தில் உலோகம் நீண்டிருக்கும் என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். நியூட்டன் அந்த அளவீட்டை எடுத்து, 1687 இல் வெளிவந்த தமது பெருநூலில், பூமி நடுவில் புடைத்திருப்பதற்குச் சான்றாக வைத்தார். ஒரு கருவி ஊர் மாறியதும் தவறியது என்பதிலிருந்து பூமியின் வடிவத்தை அறிந்துகொண்ட அந்தச் சிந்தனை இன்றைக்கும் எனக்கு வியப்பூட்டுகிறது.

நகைக்கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய இரட்டைத் தட்டுத் தராசுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ஒரு தட்டில் நகை, மறு தட்டில் படிக்கல். பூமியின் இழுப்பு குறைந்தால் இரண்டு தட்டிலும் ஒரே விகிதத்தில் குறையும், முள் நடுவிலேயே நிற்கும். அது திணிவைத் திணிவோடு ஒப்பிடும் கருவி. டிஜிட்டல் தராசு அளப்பது நிறையை, அதாவது ஒரு விசையை. அந்த விசையைத் தன் நினைவில் உள்ள ஓர் எண்ணால் வகுத்து, கிடைப்பதைக் கிராம் என்று எழுதிக் காட்டுகிறது. நினைவில் இருப்பது வேறு ஊரின் எண்ணாக இருந்தால், காட்டுவதும் வேறு ஊரின் கிராம்தான்.

தட்டைக் கழற்றி உள்ளே பார்த்தால் விரல் நீளத்தில் ஓர் அலுமினியத் துண்டு தெரியும். அதன் ஒரு முனை அடிப்பெட்டியிலும் மறு முனை தட்டிலும் திருகப்பட்டிருக்கும். நடுவில் துளைகள் குடைந்து, அந்த இடத்தை மெல்லியதாக்கியிருப்பார்கள். பாரம் ஏறினால், சிறுவன் ஏறிய மாமரக் கிளை தாழ்வதுபோல அது வளைகிறது. வளைவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மெல்லிய பகுதியில் ஒட்டியுள்ள உலோகத்தாள் கம்பிகள் அந்த வளைவில் நீண்டும் சுருங்கியும் தம் மின்தடையை மாற்றிக்கொள்கின்றன. 1938 இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் சிம்மன்ஸும் மசாசுசெட்ஸில் ஆர்தர் ரூஜும் தனித்தனியாக இந்த உணரியைக் கண்டுபிடித்தார்கள். கோடிக்கணக்கான வீட்டுத் தராசுகள் இன்றும் அதைத்தான் நம்பியிருக்கின்றன.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 3 வோல்ற் பற்றரியில் ஓடும் 500 கிராம் தராசு ஒன்றில், முழுப் பாரம் ஏறினால் உணரியிலிருந்து வரும் மின்னழுத்தம் ஏறக்குறைய 3 மில்லிவோல்ற். பெட்டியில் 0.01 கிராம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த 3 மில்லிவோல்ற்றை 50,000 பங்காக்க வேண்டும். ஒரு பங்கு, ஒரு வோல்ற்றின் ஒரு கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. இன்றைய மலிவான இலத்திரனியல் சில்லு ஒன்றால் அதைப் பிரித்துக் காட்ட முடியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அலுமினியத் துண்டு அந்த அளவுக்கு நேர்மையாக வளையுமா? வியாபாரத் தராசுகளில் பரவலாகப் பயன்படும் சி3 தர உணரி உத்தரவாதம் தருவது 3,000 பிரிவுகளுக்கு. 500 கிராமை 3,000 ஆல் வகுத்தால் வருவது 0.17 கிராம். மிகச் சிறிய விலையில் 50,000 பிரிவு காட்டும் தராசின் கடைசி இலக்கத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது இதிலிருந்தே விளங்கும். ஆகவே 0.01 கிராம் உண்மையிலேயே வேண்டுமென்றால், 100 அல்லது 200 கிராம் கொள்ளளவோடு நின்றுகொள்வது நல்லது. 1 கிலோவுக்கு 0.01 கிராம் என்று மிகக் குறைந்த விலைக்கு விற்பதை நான் வாங்கமாட்டேன். 0.001 கிராம் என்று எழுதியிருக்கும் சட்டைப்பைத் தராசையும் அப்படித்தான்.

சரி, மாத்தளையில் ஒரு வீட்டுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு?

இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் உண்டு. உக்குவளையிலும் இறத்தோட்டையிலும் வேலியோர முள்முருக்கில் மிளகுக் கொடி படராத வீட்டுத் தோட்டம் குறைவு. கராம்பு, சாதிக்காய், ஏலம், கறுவா, வனிலா என்று ஒவ்வொன்றும் நிறையில் சிறிது, விலையில் பெரிது. 1972 இல் உருவான ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் அமைந்திருப்பதும் இதனால்தான். விளைச்சலை விற்கப் போகிறவருக்குத் தன் சரக்கின் தரம் என்ன என்பது கடை வாசலுக்குப் போகும் முன்பே தெரிந்திருப்பது பெரிய பலம். சர்வதேச மிளகு சமூகத்தின் தரப்பட்டியலில் முதல் தரக் கறுப்பு மிளகு ஒரு லீற்றர் பாத்திரத்தில் 550 கிராமாவது நிற்க வேண்டும், ஈரப்பதன் 12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இரண்டாம் தரத்துக்கு 500 கிராமும் 14 சதவீதமும். சுளகில் புடைத்து வெற்று மிளகை நீக்கினால் லீற்றர் நிறை ஏறும். வீட்டிலேயே ஒரு லீற்றர் பாத்திரத்தை நிரப்பி, விளிம்போடு தட்டையான மட்டத்தால் வழித்து நிறுத்தால் தரம் தெரிந்துவிடும்.

இரண்டு தரத்துக்கும் இடையே உள்ள தூரம் 50 கிராம். 1 கிராம் காட்டும் சாதாரண சமையலறைத் தராசே இந்த வேலைக்குத் தாராளம். நுண்தராசு வாங்கி, அதன் 200 கிராம் தட்டில் ஒரு லீற்றர் மிளகை ஏற்ற முடியாமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஈரப்பதன் விடயம் கொஞ்சம் வேறு. நொறுக்கிய 10 கிராம் மிளகை உலர்த்தி எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், ஒரு சதவீத ஈரம் என்பது 0.1 கிராம். அரைச் சதவீதம் பார்க்க 0.05. இங்கே 0.01 கிராம் தராசு பயன்படும். ஆனால் மாதிரியை 100 கிராமாக எடுத்தால் அதே ஒரு சதவீதம் 1 கிராம் ஆகிவிடுகிறது, 0.1 கிராம் தராசே போதும். தராசின் நுணுக்கத்துக்குக் காசு கொடுப்பதற்குப் பதில் மாதிரியைப் பெரிதாக்கலாம் என்பது ஆய்வுகூடங்களில் எல்லோருக்கும் தெரிந்த வழி. வீடுகளில் அதை யாரும் நினைப்பதில்லை.

அதிலும் மிளகுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதில் 2 முதல் 4 சதவீதம் அளவுக்கு ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது. போறணையில் சூடாக்கினால் நீரோடு அந்த எண்ணெயிலும் ஒரு பகுதி வெளியேறும். குறைந்த நிறை முழுவதும் நீர் என்று எடுத்துக்கொண்டால், நன்றாகக் காய்ந்த மிளகும் ஈரமானதாகத் தெரியும். இதனால்தான் வாசனைத் திரவியங்களுக்கு ஆய்வுகூடங்களில் தொலுயீனுடன் கொதிக்கவைத்து, வடிந்துவரும் நீரின் கனவளவை நேராக அளக்கிறார்கள். வீட்டில் அதைச் செய்யவே கூடாது. தொலுயீன் தீப்பற்றும், ஆவி நஞ்சு. வீட்டுச் சோதனையின் முடிவை, போன கிழமை உலர்த்திய மிளகையும் இந்தக் கிழமை உலர்த்தியதையும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தராசாலும் இந்தத் தவறைத் திருத்த முடியாது, ஏனென்றால் தவறு தராசில் இல்லை.

நகைக்கு வருவோம். ஒரு பவுண் 8 கிராம் என்ற கணக்கில், 0.01 கிராம் என்பது பவுணில் 800 இல் ஒரு பங்கு. செஜியாங்கின் ஈர்ப்போடு வந்த தராசு, ஒரு பவுண் காசை 7.99 என்று காட்டும். ஐந்து பவுண் சங்கிலியை வைத்தால் 0.05 கிராம் குறைந்திருக்கும். அடகு வைக்கும் முன் வீட்டில் நிறுத்துப் பார்க்கிறவர் இந்த 0.05 இல் யாரையாவது சந்தேகப்படத் தொடங்குவார். நிறுத்ததும் சரி, கடைக்காரரும் சரி, இடையில் ஈர்ப்புத்தான் வேறுபட்டிருக்கும். சமையலறையில் பாணுக்கான ஈஸ்ட், ஊறுகாயின் உப்புச் சதவீதம் ஆகியவற்றுக்கு 0.1 கிராம் போதும். வீட்டில் பழ கோர்டியல் செய்து விற்கிறவர்களுக்கு மட்டும், லீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகச் சேர்க்கும் பொற்றாசியம் மெற்றாபைசல்பைற் போன்ற பாதுகாப்புப் பொருளால், 0.01 கிராம் உண்மையான தேவை. கண்மதிப்பில் அதைப் போடுவது குடிப்பவரின் ஆரோக்கியத்தோடு விளையாடுவது. குழந்தைகளின் மருந்தை வீட்டுத் தராசில் பங்கிடும் வேலையை மட்டும் எந்த நுணுக்கம் இருந்தாலும் செய்ய வேண்டாம்.

தராசு வந்ததும், படிக்கல் கையில் கிடைக்கும் முன்பே, அதன் குணத்தைச் சோதிக்கலாம். ஏதாவது ஒரு நாணயத்தை எடுத்து, தட்டின் நடுவில் வைத்து, வாசித்து, எடுத்து, பூச்சியம் வந்ததும் மீண்டும் வையுங்கள். பத்துத் தடவை செய்தால் பத்தும் ஒரே எண்ணாகவோ கடைசி இலக்கத்தில் ஒன்று கூடக் குறையவோ வர வேண்டும். நாணயத்தின் உண்மையான நிறை எதுவாக இருந்தாலும் கவலையில்லை. இங்கே பார்ப்பது தராசு தன் சொல்லில் நிற்கிறதா என்பதை. பிறகு அதே நாணயத்தைத் தட்டின் நான்கு மூலைகளுக்கும் நகர்த்துங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் தட்டும் உணரியும் சரியாகப் பொருந்தவில்லை. அடுத்து, 50 கிராம் அளவில் இரண்டு பொருட்களைத் தனித்தனியாக நிறுத்து, பின்பு சேர்த்து நிறுங்கள். கூட்டுத்தொகையும் சேர்ந்த நிறையும் ஒத்துப்போனால், தராசு தாழ்விலும் உயர்விலும் ஒரே அளவுகோலை வைத்திருக்கிறது. இந்தச் சோதனைகளில் தவறும் தராசை எந்தப் படிக்கல்லாலும் காப்பாற்ற முடியாது. கடைக்காரர் மாற்றித்தரும் நாட்களுக்குள் இவற்றைச் செய்து முடித்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை கொஞ்சம் வேடிக்கையானது, ஆனால் மிகவும் பயனுள்ளது. தராசை இயக்கி, 0.00 வந்ததும், சிறிய கடுகை ஒவ்வொன்றாகத் தட்டில் போடுங்கள். ஒரு கடுகின் நிறை இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம் இருக்கும். நாற்பது கடுகு போட்ட பிறகு 0.10 அளவில் காட்ட வேண்டும். பல தராசுகள் அப்போதும் 0.00 என்றே நிற்கும். எல்லாவற்றையும் வழித்து ஒரு காகிதத்தில் எடுத்து, ஒரே முறையில் கொட்டினால் உடனே எண் ஏறும். தராசுக்குள் எழுதப்பட்ட ஒரு கட்டளைதான் காரணம்: பூச்சியத்துக்கு அருகே மிக மெதுவாக நடக்கும் மாற்றத்தை அது பாரமாக எடுத்துக்கொள்வதில்லை. வெப்பத்தால் உணரி நகர்கிறது என்று நினைத்து, பூச்சியத்தையே புதிதாக வைத்துக்கொள்கிறது. வெறும் தட்டு அசையாமல் 0.00 காட்டி நம்மை மகிழ்விப்பதும் இதே கட்டளைதான். பாதுகாப்புப் பொருளை விரல் நுனியால் தூவித் தூவி நிறுக்கிறவர், தராசு விழுங்கிய பங்கு தெரியாமல் கூடுதலாகப் போட்டுவிடுவார். வழி எளிது. முதலில் ஒரு கரண்டியைத் தட்டில் வைத்து, அதைப் பூச்சியமாக்காமல், அதன் நிறையைக் குறித்துக்கொண்டு மேலே சேர்க்க வேண்டும். பூச்சியத்திலிருந்து விலகி நிற்கும்போது பெரும்பாலான தராசுகள் இப்படி விழுங்குவதில்லை.

காற்றும் நிறுக்கப்படும். 10 சென்ரிமீற்றர் சதுரத் தட்டின் மேல் செக்கனுக்கு 15 சென்ரிமீற்றர் வேகத்தில் காற்று இறங்கினாலே அது 0.01 கிராமுக்கு மேலான அழுத்தம் தரும். மின்விசிறி சுழலும் அறையில் இரண்டாம் தசமதானத்தை வாசிப்பதில் அர்த்தமே இல்லை. மூடி உள்ள தராசைத் தேர்ந்தெடுங்கள், விசிறியை நிறுத்துங்கள், ஆட்டம் காணாத மேசையில் வையுங்கள். இயக்கியதும் நிறுக்காமல் பதினைந்து நிமிடம் விடுவது நல்லது. ஆனால் தானாக அணையும் தராசுகளில் இது முடியாது. வாங்கும்போதே அந்த வசதியை நிறுத்திவைக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாணயப் பற்றரியில் ஓடுவதைவிட ஏஏஏ பற்றரியிலோ மின்கம்பியிலோ ஓடுவது நிதானமாக இருக்கும்.

அளவுதிருத்தம் செய்யும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்துக் கடையிலேயே படிக்கல் வைத்துச் சரிசெய்து தருவதாகச் சொல்வார்கள். மாத்தளை நகரிலும் உக்குவளையிலும் வீடு என்றால் அது போதும். இறத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் உச்சிப் பக்கம் மேலேறினால் உயரம் 1,400 மீற்றரை எட்டுகிறது. நகரத்தைவிட ஆயிரம் மீற்றர் உயரம். அங்கே 100 கிராம் கல் 0.02 அல்லது 0.03 கிராம் குறைந்து தெரியும். அந்த நக்கிள்ஸ் மலைப்பகுதியின் ஏலத்தோட்ட வீடுகளில், தராசை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு திருத்துவதே சரி.

இந்தத் தராசால் மற்றவருக்கு நிறுத்து விற்க மட்டும் கூடாது. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வியாபாரத்துக்கான தராசை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் சரிபார்த்து முத்திரையிட வேண்டும். வீட்டுக்கென்று விற்கப்படும் தராசுகள் அந்தச் சோதனைக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. மலையகத்தில் தேயிலைக் கொழுந்து நிறுவையில் கிலோக் கணக்கில் கழிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு முத்திரையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படிக்கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது தராசின் கொள்ளளவுக்குச் சமமான, அல்லது அதன் பாதிக்குக் குறையாத ஒன்றாக எடுங்கள். 10 கிராம் கல்லால் 200 கிராம் தராசைத் திருத்தினால், கல்லின் சிறு பிழை இருபது மடங்காகிவிடும். சர்வதேசத் தரத்தில் எம்1 என்று குறித்த 100 கிராம் கல்லுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 5 மில்லிகிராம், எஃப்2 கல்லுக்கு 1.6 மில்லிகிராம். 0.01 கிராம் தராசுக்கு எம்1 மட்டுமட்டாகப் போதும், எஃப்2 தாராளம். தரமே குறிக்காமல் தராசோடு இலவசமாக வரும் பளபளப்பான கல்லை, நகைக்கடையிலோ பாடசாலை ஆய்வுகூடத்திலோ உள்ள நல்ல தராசில் ஒருமுறை நிறுத்து, உண்மையான எண்ணைப் பெட்டி மூடியில் எழுதிவைத்துவிட்டால் அதையும் நம்பிப் பயன்படுத்தலாம். வெறுங்கையால் தொடாமல், துணியால் அல்லது இடுக்கியால் எடுங்கள். மிளகு உலரும் முற்றத்துத் தூசியும் விரலின் எண்ணெய்ப் பசையும் அதன் மேல் சேர்ந்து, ஒரு வருடத்தில் சில மில்லிகிராம் ஏறிவிடும்.